கொச்சிக்கடையில் ஒரு தில்லை: கொழும்புக் கோயில்களும் போக முடியாத யாத்திரைகளும்

கொழும்பு 13, கொச்சிக்கடை. துறைமுகத்துக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் லொறிகளும் கைவண்டிகளும் மொத்த வியாபாரக் கடைகளும் நெருக்கியடிக்கும் பகுதி. அங்கே ஸ்ரீ இராமநாதன் மாவத்தையில் வண்ணம் பூசாத ஒரு கருங்கல் கோபுரம் நிற்கிறது. ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். இலங்கைக் கோயில்களின் நீலமும் மஞ்சளும் சிவப்புமான கோபுரங்களுக்குப் பழகிய கண்ணுக்கு இந்தச் சாம்பல் நிறம் முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் தெரியும். உள்ளே போனால் சுவரும் தூணும் கூரையும் தரையும் கல்தான்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற உறவினர்களும் தமிழ்நாட்டிலிருந்து வருகிற யாத்திரிகர்களும் இந்தக் கோயிலுக்கு அடிக்கடி வருகிறார்கள். ‘பழைய கல் கோயில்’ என்று சொல்லி அழைத்து வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்தக் கோயில் ஏன் கல்லால் ஆனது, சிதம்பரத்து இறைவன் ஏன் கொழும்புத் துறைமுகத்தின் பக்கத்தில் குடிகொண்டார் என்ற இரண்டு கேள்விகளோடு உள்ளே போகிறவருக்குக் கிடைக்கிற தரிசனம் இன்னும் ஆழமானது என்று நான் நம்புகிறேன்.

ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். கொழும்பு பாடல் பெற்ற தலம் அல்ல. ஈழத்தில் தேவாரம் பெற்றவை திருக்கோணேச்சரமும் திருக்கேதீச்சரமும்தான். ஈழத்தின் பழைய ஈச்சரங்கள் என்று நாம் எண்ணும் நகுலேச்சரம், முன்னேச்சரம், தொண்டீச்சரம் ஆகியவற்றில் ஒன்றுகூடக் கொழும்பு நகருக்குள் இல்லை. இந்த நகரத்துக்குத் தமிழர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காக வந்தார்கள். வணிகத்துக்கு வந்த நகரத்தார், அரச உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தார், துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்த தென்னிந்தியத் தொழிலாளர் என்று ஒவ்வொரு கூட்டமும் வந்தது. வந்தவர்களுக்கு மனத்தில் ஒரு தலம் இருந்தது, ஆனால் அது தூரத்தில் இருந்தது. கொழும்பின் பெரிய கோயில்கள் பல அந்தத் தூரத்தைக் கடக்க எழுந்தவை. போக முடியாத தலத்தை இங்கே வரவழைத்த கோயில்கள் அவை. பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் செட்டியார் தெருவின் ஆடிவேல் விழாவும் இதற்கு இரண்டு பெரிய சாட்சிகள்.

யாழ்ப்பாணச் சைவருக்குச் சிதம்பரம் வெறும் ஒரு தமிழகத்துத் தலமாக இருந்ததில்லை. ‘கோயில்’ என்று மட்டும் சொன்னால் அது தில்லையைக் குறிக்கும் சைவ மரபை அவர்கள் வாழ்க்கையாகவே வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நிலபுலம் உள்ளவர்கள் அதில் ஒரு பங்கைச் சிதம்பரத்துக் கட்டளைக்கும் மடத்துக்கும் எழுதிவைத்தார்கள். ஆறுமுக நாவலர் 1864 இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இந்த உறவின் தொடர்ச்சிதான். வடகரைத் துறைகளிலிருந்து பாய்க்கப்பல் ஏறினால் சோழ மண்டலக் கரை. அங்கிருந்து தில்லை. காற்றும் கடலும் ஒத்துழைத்தால் போய்வரலாம்.

கொழும்புக்கு வந்துவிட்டவர் நிலை வேறு. 1850களில் கொழும்பில் ரயில் இல்லை. யாழ்ப்பாணத்துக்கே போவதென்றால் கடல் வழி, இல்லையேல் வன்னிக்காட்டுப் பாதை. காங்கேசன்துறை வரை ரயில் போனது 1905 இல்தான். உத்தியோகத்தில் இருப்பவருக்கு லீவு எடுத்துச் சிதம்பரம் போய் ஆருத்ரா தரிசனம் கண்டு திரும்புவது வாழ்நாளில் ஒரு முறை கிடைத்தால் பெரிய பாக்கியம். இந்தக் காலத்தில்தான் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையில் சிவனுக்கு ஒரு கோயில் எடுத்தார். இறைவன் பொன்னம்பலவாணேசர். அம்பாள் சிவகாமி. இரண்டு பேருமே தில்லையிலிருந்து வந்தவர்கள். கொழும்பில் குடியேறிய ஒரு யாழ்ப்பாணத்துச் சைவர், போய்வர முடியாத தலத்தைத் தாம் இருக்கும் இடத்தில் நிலைநிறுத்தினார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. முதலியாரின் மூன்று பிள்ளைகள் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். மூவரும் சட்டநிரூபண சபையில், அதாவது அன்றைய சட்டசபையில், இருந்தவர்கள். 1897 ஜனவரியில் சிகாகோவின் புகழோடு சுவாமி விவேகானந்தர் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியபோது மாலையிட்டு வரவேற்றவர் மூத்தவரான குமாரசுவாமி. இளையவர் அருணாசலம் 1919 இல் உருவான இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர், நடராசர் வழிபாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவரும்கூட. இந்தப் பிள்ளைகளின் தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. அவருடைய மகன்தான் கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. நடராசரின் நடனத்துக்கு அவர் எழுதிய விளக்கம் உலகம் முழுக்கப் போனது. ஆக, ஆடும் இறைவனைப் பற்றிய சிந்தனை இந்தக் குடும்பத்தில் பரம்பரைச் சொத்தாகவே இருந்திருக்கிறது. அதற்கு ஒரு வீடு கட்டிய இடம் கொச்சிக்கடை.

இன்று நாம் காணும் கல் கோயில் நடு மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பணி. 1851 இல் பிறந்த அவர் 1892 முதல் 1906 வரை அரசின் உயர் சட்ட அதிகாரியான சொலிசிற்றர் ஜெனரலாக இருந்தார். தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த அருள்பரானந்த சுவாமிகளிடம் உபதேசம் பெற்றவர். குருவின் பெயரைத் தழுவி ‘ஸ்ரீ பரானந்தா’ என்ற பெயரில் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதினார். 1905, 1906 ஆண்டுகளில் அமெரிக்கா சென்று ஆன்மிகச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு, அமெரிக்கப் பயணம், இரண்டும் முடிந்த கையோடு 1907 இல் அப்பாவின் கோயிலைக் கருங்கல்லில் திரும்பக் கட்டத் தொடங்கினார். தென்னிந்தியச் சிற்பிகள் வந்தார்கள். விஜயநகரப் பாணியில் வேலை நடந்து 1912 இல் குடமுழுக்கு ஆனது. நடுவில் 1911 இல் சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையருக்கான ஒரே ஆசனத்துக்குத் தேர்தலில் நின்று வென்றார். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு, இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த கொடுமைகளுக்கு எதிராக இங்கிலாந்து வரை போய் வாதாடினார். அவர் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்களே அவர் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தம் கையால் இழுத்துப் போனார்கள். அரசியலில் அவரை விமரிசிக்க எவ்வளவோ இருக்கிறது. வாக்குரிமையை எல்லோருக்கும் விரிவாக்குவதை எதிர்த்தவர் அவர். அது தனியே பேச வேண்டிய விஷயம். கோயிலுக்குள் நிற்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது, அமெரிக்க மேடைகளில் பேசி முடித்த மனிதர் ஊர் திரும்பியதும் உளிச்சத்தத்துக்கு நடுவில் போய் நின்றார் என்பதுதான்.

சரி, ஏன் கல்? செங்கல்லும் சுண்ணாம்பும் கொழும்பின் உப்புக் காற்றுக்கு அதிக காலம் தாங்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஈழத்துச் சைவருக்குக் கல் கோயில் என்றால் அதில் ஒரு பழைய வலியும் கலந்திருக்கிறது. சோழர் காலத்தில், 11 ஆம் நூற்றாண்டில், பொலன்னறுவையில் எழுந்த வானவன்மாதேவீச்சரம் இன்றும் கல்லாகவே நிற்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் கணக்கில் அது இரண்டாம் சிவாலயம். அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயர் கோணேச்சரத்தை இடித்தார்கள், கேதீச்சரத்தை இடித்தார்கள், நல்லூரை இடித்தார்கள். இடித்த கல் கோட்டைச் சுவருக்குப் போனது. ஒல்லாந்தர் காலத்திலும் சைவர் வெளிப்படையாகக் கோயில் எடுக்க நீண்ட காலம் முடியவில்லை. வழிபாடு கொட்டிலுக்குள்ளும் வேல் ஒன்றை நட்ட மரத்தடியிலும் உயிர் பிழைத்தது. அந்த வரலாற்றை அறிந்த ஒருவர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரித்தானியத் தலைநகரின் துறைமுக வாசலில், முழுக்க முழுக்கக் கருங்கல்லில் சிவாலயம் ஒன்றை எழுப்புகிறார். இதை வெறும் கட்டடக் கலை என்று என்னால் பார்க்க முடியவில்லை. மீண்டும் நிலைத்துவிட்டோம் என்ற அறிவிப்பு அது.

வண்ணம் பூசாதது இந்தக் கோயிலுக்குக் கிடைத்த பெரிய பேறு. குடமுழுக்குக்குக் குடமுழுக்கு புது வண்ணம் ஏறும் சுதைச் சிற்பங்களைக் கண் ஒரே வீச்சில் பார்த்து முடித்துவிடும். கல்லில் அப்படி முடியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும் காலையிலும் மாலையிலும்தான் உருவங்கள் எழுந்து வரும். உச்சி வெயிலில் கோபுரம் தட்டையாகத் தெரியும். அதனால் இங்கே வருகிறவர் காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ வருவது கண்ணுக்கும் நல்லது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோயில் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1914 இல், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி, கடலைக் கடந்து, அக்கரையில் மறுபடி ரயில் ஏறினால் சிதம்பரம் வந்துவிடும் என்ற நிலை உருவானது. எங்கள் பாட்டன் பாட்டி தலைமுறை ‘போட் மெயில்’ என்று ஆசையோடு சொன்ன பாதை அது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் போர் தொடங்கிய காலத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய எழுபது ஆண்டு திறந்திருந்த வாசல் மறுபடி அடைபட்டது. கொச்சிக்கடைத் தில்லை மட்டும் அப்படியே இருந்தது.

இனி உள்ளே போவோம். கோயிலைப் படுத்திருக்கும் ஓர் உடலாகப் பார்ப்பது ஆகம மரபு. கோபுரம் பாதம், கருவறை தலை. ஆகவே வாசலில் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, கோபுரத்தைக் கும்பிட்டு நுழைவது இறைவன் பாதத்திலிருந்து தொடங்குவதாகும். ஈழத்துச் சைவ வழக்கில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றி வேட்டியோடு உள்ளே போவார்கள். வேட்டி கட்டி வந்தால் தடுமாற்றம் இல்லை. பெண்கள் சேலையோ முழுநீளப் பாவாடையோ அணிவது வழக்கம். அருச்சனை செய்விக்க விரும்பினால் உள்ளே சீட்டு எடுத்து, தட்டோடு பெயர் நட்சத்திரம் சொன்னால் குருக்கள் செய்துவைப்பார்.

முதலில் பிள்ளையார். அப்புறம் பலிபீடம், கொடிமரம், நந்தி. பலிபீடத்தருகில் விழுந்து கும்பிடுவது, கொண்டுவந்த கவலையையும் ஆணவத்தையும் அங்கேயே போட்டுவிட்டுப் போவதற்காக. வெளியே இருக்கும் வெளிச்சம் ஒவ்வொரு மண்டபமாகக் குறைந்து, கருவறையில் விளக்கொளி மட்டும் மிஞ்சும். கருங்கல் மண்டபத்தில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். வெளியே கொழும்பு வெயில் சுடும்போதும் கல் தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், மேளத்தின் ஒலியும் மணியோசையும் கல்லில் பட்டுத் திரும்பும். வலம் வரும்போது தெற்கே தட்சிணாமூர்த்தி, பின்னால் இலிங்கோற்பவர், வடக்கே துர்க்கை, சண்டேசுவரர் என்பது சிவாலய முறை. சண்டேசுவரரிடம் கைகளை மெல்லத் துடைத்துக் காட்டிவிட்டு வருகிறோம். சிவனுடைய சொத்தில் ஒரு துணுக்கும் எடுத்துப் போகவில்லை என்று சொல்லிவிட்டு வருவது அது. விரலைச் சொடுக்குவதும் உரக்கக் கை தட்டுவதும் மரபு அல்ல, அவர் தியானத்தில் இருப்பவர்.

நடராசர் சிவாலயங்களில் பொதுவாகத் தெற்கு நோக்கியே நிற்பார். அவருக்கு ஆண்டில் ஆறே ஆறு அபிஷேகம். சித்திரையில் திருவோணம், ஆனியில் உத்திரம், மார்கழியில் திருவாதிரை என்று நட்சத்திரத்தில் மூன்று. ஆவணி, புரட்டாதி, மாசி மாதங்களில் சதுர்த்தசித் திதியில் மூன்று. தேவர்களுக்கு நம்முடைய ஓர் ஆண்டு ஒரு நாள், அந்த ஒரு நாளின் ஆறு காலப் பூசைகள்தான் இவை என்பது விளக்கம். சிதம்பரத்தில் மார்கழியிலும் ஆனியிலும் தரிசன விழா நடக்கும் அதே நாட்களில் உலகெங்கும் உள்ள சிவாலயங்களிலும் நடராசருக்கு அபிஷேகம் நடக்கும். தில்லைக்குப் போக முடியாதவர் காலத்தால் தில்லையோடு சேர்ந்துகொள்ளும் வழி இது. இடத்தை விட நாளைப் பற்றிக்கொண்டு யாத்திரை செய்வது என்று சொல்லலாம்.

ஈழத்துக் கோயில்களில் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதுவது தவறாத வழக்கம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்து. இறுதியில் பெரும்பாலும் திருப்புகழும் சேரும். ஓதுவார் இல்லாத கோயிலில் கும்பிட வந்தவர்களில் ஒருவர் பாடுவார். அது பாடசாலைப் பிள்ளையாகவும் இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். இந்த ஐந்தில் திருப்பல்லாண்டு தில்லைக்கென்றே சேந்தனார் பாடியது. அதனால் ஈழத்தில் எந்தக் குக்கிராமத்துப் பிள்ளையார் கோயிலானாலும் ஒவ்வொரு பூசையிலும் தில்லை ஒரு முறை நினைக்கப்படுகிறது. பொன்னம்பலவாணேசர் சந்நிதியில் அது ஒலிக்கும்போது பாட்டும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழகத்திலிருந்து வருகிறவர்கள் தீபாராதனை முடிந்ததும் நகர்ந்துவிடாமல், தயவு செய்து பஞ்சபுராணம் முடியும்வரை நில்லுங்கள். ஈழத்துச் சைவம் என்ன என்பதை வேறெதையும் விட அந்தச் சில நிமிடங்கள் தெளிவாகச் சொல்லும்.

தில்லைக்கும் ஈழத்துக்கும் உள்ள தொடர்பைத் திருவாதவூரடிகள் என்னும் மாணிக்கவாசகரின் வரலாறும் சொல்கிறது. எப்போதும் பொன்னம்பலத்தையே சொல்லிக்கொண்டு ஈழத்தில் திரிந்த ஓர் அடியாரை மன்னன் அழைத்து விசாரித்தான், அதைக் கேட்ட அவனுடைய பௌத்த குரு வாதுக்குப் புறப்பட்டார், மன்னன் பேச முடியாத தன் மகளோடு தில்லைக்கு வந்தான், மாணிக்கவாசகர் முன்னிலையில் அந்தப் பெண் வாய் திறந்து கேள்விகளுக்கு விடை சொன்னாள், அதுவே திருவாசகத்தில் திருச்சாழல் என்ற பகுதி ஆயிற்று என்பது வரலாறு. சமய வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஈழத்துப் பெண்பிள்ளை ஒருத்தியின் குரல் திருவாசகத்துக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கை எங்கள் மக்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை, மார்கழியில் திருவாசகம் ஓதும் ஒரு வீட்டில் இருந்து பார்த்தால் புரியும்.

கொச்சிக்கடையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் செட்டியார் தெரு. இரண்டு பக்கமும் நகைக்கடைகள். நடுவில் பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில். இவை நாட்டுக்கோட்டை நகரத்தார் எடுத்தவை. அரிசி, துணி, வட்டிக்கடை என்று வணிகம் செய்ய வந்த நகரத்தார் போன இடமெல்லாம் முருகனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் தண்டாயுதபாணி, கொழும்பில் கதிரேசன். கதிர்காமத்து வேலன் இருக்கும் தீவில் வேறு எந்தக் கோலத்தில் அவனை வைக்க முடியும்?

ஆடி மாதம் கதிர்காமத்தில் பெருவிழா. இந்தியாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கூட்டம் கூட்டமாகக் காட்டுவழி போனார்கள். கூட்டத்தோடு கொலராவும் போனது. 1870களில் பிரித்தானிய அரசு யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. போக முடியாமல் போன பக்தர்களுக்காகச் செட்டியார் தெருவிலேயே விழா எடுக்கும் வழக்கம் பிறந்தது, 1874 இல் ஆடிவேல் தொடங்கியது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. முருகன் வேல் வடிவில் தேரேறிச் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டு, கோட்டையைக் கடந்து, காலி முகத்திடல் வழியாகக் காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கோ வெள்ளவத்தைக்கோ போய்ச் சேர்வார். அங்கே சில நாள் தங்கி அருள்பாலித்துவிட்டுத் திரும்புவார். யாத்திரிகரால் தெய்வத்தை நோக்கிப் போக முடியவில்லை என்றபோது தெய்வம் யாத்திரிகர் வாழும் தெருக்களை நோக்கி நடந்தது. கொழும்புத் தமிழரின் ஆன்மிக வரலாற்றில் இதைவிட அழகான ஒரு தீர்வை நான் அறியேன். வழியில் தேங்காய் உடைப்பவர்களில் தமிழர் மட்டும் இல்லை. சிங்கள மக்களும் வேல் பார்க்க வீதியோரம் நிற்பார்கள், அவர்களுக்கும் கதிர்காமக் கந்தன் சொந்தத் தெய்வம்.

சிதம்பரத்துக்கும் கதிர்காமத்துக்கும் இன்னோர் ஒற்றுமை உண்டு. சிதம்பரத்தில் ரகசியம் திரைக்குப் பின்னால். கதிர்காமத்திலும் திரைக்குப் பின்னால்தான் எல்லாம், பூசகரான கப்புறாளை வாய் கட்டித் திரைக்கு உள்ளே போய்ப் பூசை செய்வார், நாம் திரையைக் கும்பிடுவோம். உருவத்தைத் தாண்டிய ஒன்றைக் கும்பிடப் பழகியவர்களுக்குத் தலத்தை இன்னோர் ஊரில் வைத்துக் கும்பிடுவதும் கடினமாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1983 ஜூலைக்குப் பிறகு ஆடிவேல் தேர் சில ஆண்டுகள் வீதிக்கு வரவில்லை. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்த மாதம் அது. வேல் விழாவின் காலமும் அதுதான். அதன்பின் வந்த போர்க்காலம் வேறொரு தூரத்தை உருவாக்கியது. 1990 இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய யாழ்தேவி ரயில் நின்றது. மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடியது 2014 ஒக்டோபரில். நடுவில் இருந்த ஆண்டுகளில் கொழும்பில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு நல்லூர்த் தேர் என்பது போக முடியாத ஒன்றாக இருந்தது. நகுலேச்சரம் இருக்கும் கீரிமலை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. திருக்கேதீச்சரம் படையினர் கட்டுப்பாட்டில் இருந்தது. பொலிஸ் பதிவும் சோதனைச் சாவடிகளும் நிறைந்த நகரத்தில் லொட்ஜ் அறைகளில் வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்தன. அவர்கள் வெள்ளிக்கிழமை கும்பிடப் போன இடங்கள் இந்தக் கோயில்கள்தான். நேர்த்தி வைத்ததும் இங்கே. விசா கிடைத்தவர்கள் புறப்படுமுன் அருச்சனை செய்ததும் இங்கே. இன்று லண்டனிலிருந்தும் டொரோண்டோவிலிருந்தும் வந்து இந்தத் தூண்களைத் தொட்டுப் பார்த்துக் கலங்குகிறவர்களைப் பார்த்தால், அவர்களுக்கு இது சுற்றுலா இல்லை என்பது தெரியும்.

இந்தப் பகுதிக்கு வருகிறவர் அயலையும் பார்க்க வேண்டும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் இங்கேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் சைவக் குடும்பங்களும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றப் போவார்கள், அது இந்தப் பகுதியில் புதினம் அல்ல. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே வெடித்த குண்டு இந்தத் தெருக்கள் முழுவதையும் உலுக்கியது. தேரும் திருச்சொரூபமும் ஒரே தெருவில் வலம் வருகிற ஊர் இது. விவேகானந்த மேட்டில் 1902 இல் தோன்றிய விவேகானந்த சபையும், ஜிந்துப்பிட்டியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் அருகில்தான். மருதானை ரயில் பாதைப் பக்கம் உள்ள கப்பித்தாவத்தைக் கைலாசநாதர் கோயில் கொழும்பின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. கூட்டம் குறைவான நாளில் அங்கே போனால் ஆறுதலாக இருந்து கும்பிடலாம்.

வான் பிடித்து ஒரே காலையில் ஏழெட்டுக் கோயில் பார்க்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. வயதானவர்களை அழைத்து வரும் பிள்ளைகளின் அன்பு அதில் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் என் வேண்டுகோள் வேறு. இரண்டே இரண்டு கோயில் போதும். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவிலோ நடந்தோ காலைப் பூசைக்குக் கொச்சிக்கடை வாருங்கள். ஒரு முழுப் பூசைக்கு இருங்கள். பிறகு செட்டியார் தெருவுக்கு நடந்து கதிரேசனைக் கும்பிடுங்கள். பகலில் நடை சாத்திவிடுவார்கள், விழா நாட்களில் நேரம் மாறும், ஆகவே முதல்நாளே கோயிலில் விசாரித்துக்கொள்வது நல்லது. படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், மூலத்தானத்தை எடுக்க வேண்டாம்.

எந்த மாதம் வரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மார்கழியைச் சொல்வேன். திருவாதிரைக்கு முந்திய நாட்களில் திருவெம்பாவைக் காலம். ஊரில் விடியுமுன்பே சங்கும் சேமக்கலமும் கேட்கும், கொழும்பில் அவ்வளவு சத்தம் இருக்காது, ஆனால் சிவாலயங்களில் அதிகாலைப் பூசையும் ஓதலும் உண்டு. டிசம்பர் கடைசியோ ஜனவரி முதலோ வரும், பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடசாலை விடுமுறையும் பெரும்பாலும் அதே நாட்களில் வருவதால் பிள்ளைகளையும் கூட்டி வரலாம். அவர்களுக்குத் திருவெம்பாவையில் ஒரு பாட்டாவது சொல்லிக்கொடுத்துவிட்டுக் கூட்டி வாருங்கள்.